விண்கலப் பொருள்களும் பழுதறியும் கண்ணும்

தண்ணீர்க் குடங்களை இருபுறமும் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து செல்வோன், காவடித் தண்டுக்கு மூங்கிலையே தேர்ந்தெடுக்கிறான். இரும்புக் கோலைத் தேடுவதில்லை. இரும்பு மூங்கிலினும் வலியது என்பதை அவன் அறியாதவனல்லன். ஆயினும், தண்டின் பாரமும் தன் தோள்மேலதே என்பதையும் அவன் அறிவான். சுமையைச் சுமப்பதற்கன்றிச் சுமக்குங் கருவியைச் சுமப்பதற்கே செலவாகும் வலிமை வீண் என்பது அவனது அனுபவ ஞானம். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் பொறியியலாரின் கல்வி பெரும்பாலும் இவ்வொரு சிற்றறிவின் விரிவே என்று கூறின் அது மிகையாகாது.

இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட பொருள், விண்கலங்களுக்குரிய பொருள்களும் அவற்றாலாகிய கட்டமைப்புகளும் எவ்வாறு ஆராய்ந்து காணப்படுகின்றன என்பதாம். இத்துறையின் சிறந்த பேறுகள் சில, பெருஞ் செல்வத்தினாலோ பெரும் புகழ் வாய்ந்த புலவராலோ கிடைத்தவையல்ல. ஏவிய வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவர், அதனிடையே தோன்றியதொரு பழுதைத் தள்ளிவிடாமல் நின்று நோக்கியதனால் கிடைத்தவை. அங்ஙனம் நோக்காதொழிந்த இடத்தில் உயிர்கள் மாண்டதும் உண்டு. இவ்விரண்டையும் நம் மாணவர் ஒருங்கே அறிதல் நன்றென்பது எம் கருத்து.

1. எடையின் கணக்கு

பூமிக்கு அணித்தான பாதையிற் சுற்றிவரவேண்டிய கலம் விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் பெறல் வேண்டும். இவ்வேகத்தை அளிப்பதற்கு எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளைத் தூக்குவதற்குப் பின்னும் எரிபொருள் வேண்டும். ஆதலின், மேலே செல்லும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கீழே பன்மடங்கு விலை கொடுக்க நேரிடுகிறது.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையே கணக்கிட்டுப் பார்ப்போம். 2023 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று சந்திரயான்-3 ஏவப்பட்டது. அதனைத் தாங்கிச் சென்ற ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 640 டன். அது சுமந்த கலத்தின் எடையோ ஏறத்தாழ 3,900 கிலோகிராம். அஃதாவது, ஆயிரம் பங்கில் ஆறு பங்கே. அவ்வாண்டு ஆகஸ்டு 23 ஆம் நாள் சந்திரனில் இறங்கிய விக்ரம், தன்னுள் அடங்கிய ஊர்தியோடு 1,752 கிலோகிராம். நிலவின் மண்மேல் ஊர்ந்து சென்ற பிரக்யான் என்னும் அவ்வூர்தி 26 கிலோகிராமே. புறப்பட்ட எடையில் இஃது ஏறக்குறைய இருபத்தையாயிரத்தில் ஒரு பங்காகும். ஊர்தியின் சட்டத்தில் ஒரு கிலோகிராமைக் குறைக்க வல்லவன், அவ்விடத்தில் மற்றுமொரு கருவியை வைக்க வழி செய்தவனாவான். எடையைக் குறைப்பது சிக்கனம் மாத்திரமன்று. அறியக்கூடிய உண்மையின் அளவையே அது கூட்டுகிறது.

2. உலோகங்கள் தந்த வியப்பு

எடை குறைந்த உலோகத்தை எடுத்துக்கொண்டால் இக்குறை தீர்ந்துவிடாதோ என்று மாணவர் வினவலாம். இதற்கு விடை காண ஒரு சிறு வகுத்தற் கணக்குப் போதும். ஒரு பொருள் இழுப்புக்கு இணங்காது நிற்கும் தன்மையை விறைப்பு என்போம். அதனை ஜிகாபாஸ்கல் என்னும் அளவினாற் குறிப்பது வழக்கம். எஃகின் விறைப்பு ஏறத்தாழ 200. அதன் அடர்த்தி தண்ணீரினும் 7.8 மடங்கு. முன்னதைப் பின்னதால் வகுப்பின் ஈவு ஏறத்தாழ 26. அலுமினியத்தின் விறைப்பு 70, அடர்த்தி 2.7. ஈவு இங்கும் 26. டைட்டேனியத்தின் விறைப்பு 115; அடர்த்தி 4.5. ஈவு மறுபடியும் ஏறத்தாழ 26!

இயற்கை ஒரே தராசில் இம்மூன்றையும் நிறுத்துக் கொடுத்தாற்போலக் காணப்படுகிறது. அலுமினியம் எடை குறைந்ததாயினும் அதே விகிதத்தில் விறைப்பும் குறைந்தது. வளைவுக்கு ஆளாகும் தகடுகளில், அதே எடைக்கு அலுமினியம் அதிகத் தடிப்பாய் அமையக்கூடுமாதலின், அங்கே அதற்கு மேன்மையுண்டு. மூங்கிலின் மேன்மையும் இத்தகையதே. அதன் உள்ளீடற்ற வடிவு அதனைப் பின்னும் மிகுவிக்கிறது. நேரே இழுக்கப்படும் தண்டுகளிலோ, இம்மூன்று உலோகங்களில் ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பற்றுவதனால் விறைப்பில் ஊதியம் இல்லை. இத்தடையைக் கடக்கப் புதியதொரு பொருள் வேண்டியிருந்தது. அப்பொருள் அடுப்புக் கரியின் இனத்திலிருந்தே வந்தது.

3. கரியில் தோன்றிய இழை

அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரத்தை அடுத்த பார்மா என்னும் இடத்தில், யூனியன் கார்பைடு நிறுவனத்தாரின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிருந்தது. 1926 இல் பிறந்து 1955 இல் டாக்டர் பட்டம் பெற்ற ரோஜர் பேக்கன் என்னும் பௌதிக ஆராய்ச்சியாளர் அங்கே வேலைக்கமர்ந்தார். கரிப்பொருள் திடம், திரவம், ஆவி என்னும் மூன்று நிலைகளிலும் ஒருங்கே நிற்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளப்பது அவர் மேற்கொண்ட பணி. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் நூறு மடங்கினை ஒட்டிய அழுத்தத்தில், மின்பொறியினால் கிராஃபைட்டைக் காய்ச்சி அவர் சோதித்து வந்தார்.

1958 இல் அவர் ஒன்று கண்டார். அழுத்தம் குறைந்தபோது கரியாவி திரவமாகாமல் நேரே திடமாகிக் கீழ் மின்வாயின்மேல் ஒரு குன்றுபோல் படிந்தது. அவர் தேடியது திரவநிலையை. கிடைத்ததோ வேண்டாத படிவு. வேறொருவராயின் அதனைச் சுரண்டியெறிந்து மறு சோதனைக்கு ஆயத்தம் செய்திருக்கலாம். பேக்கன் அதனை எடுத்து ஆராய்ந்தார். அதனுள்ளே மயிரிழையின் பருமனில் பத்திலொரு பங்கேயான நுண்ணிழைகள் பொதிந்து கிடந்தன. சில ஓர் அங்குல நீளம் வரையிருந்தன. கரியென்றால் நொறுங்கும் என்பது நம் எண்ணம். இவையோ வளைத்தாலும் மடக்கினாலும் முறிந்தில. இவற்றின் விறைப்பு 700 ஜிகாபாஸ்கல், எஃகினும் மும்மடங்குக்கு மேற்பட்டது. இழுவலிமையும் எஃகுக் கம்பிகளினும் பன்மடங்கு மிக்கது. அடர்த்தியோ எஃகில் மூன்றிலொரு பங்கும் இல்லை. 1960 இல் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார்.

ஆயினும் அவ்விழை ஒரு பவுண்டு செய்ய ஒரு கோடி டாலர் ஆகுமென அவரே மதிப்பிட்டார். எனவே, அது பொருளாக வரவில்லை. இத்தகைய பொருள் கூடும் என்னும் சான்றாக வந்தது. அச்சான்றின் மதிப்பே பெரிது. ஏறத்தாழ அக்காலத்தில் ஜப்பானிய நாட்டு ஒசாகா நகரத்தில், அரசாங்கத் தொழிலாராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஆக்கியோ ஷிண்டோ என்பவர், ஆடைக்குரிய அக்ரிலிக் நூலைக் காய்ச்சிக் கார்பன் இழையாக்கும் முறையை ஆராய்ந்தார். 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார், காய்ச்சும்போது நூல் சுருங்கிவிடாதவாறு இழுத்துப் பிடித்தால் விறைப்பு மிகுமெனக் கண்டு அம்முறையைச் செம்மை செய்தனர்.

இன்றும் பெரும்பான்மையான கார்பன் இழை இவ்வழியிலேயே ஆகிறது. அக்ரிலிக் நூலை இழுத்துப் பிடித்தவாறே முதலிற் காற்றில் 200 முதல் 300 பாகை செண்டிகிரேடு வரை சூடாக்குவர். பின்னர் உயிர்க்காற்றுப் புகாத உலையில் ஆயிரம் பாகைக்கு மேற் காய்ச்சுவர். கார்பன் ஒழிந்த ஏனைய தனிமங்கள் பெரிதும் ஆவியாய் நீங்கக் கார்பன் அணுக்கள் நூலின் நெடுக்கே ஒழுங்குற்று நிற்கும். இவ்விழைகளைப் பிசினிற் பதித்து அடுக்கடுக்காய் அமைத்தால், நெடுக்குத் திசையில் மேற்கூறிய ஈவு 26 க்குப் பதிலாக 80 க்கு மேலும் ஏறும்.

4. வெற்றிடமும் வெயிலும்

நிற்க. வலிமையும் எடைக்குறைவும் உடைய பொருளெல்லாம் விண்ணுக்கு ஏற்றதென்று கருதலாகாது. விண்வெளி பொருள்களுக்கு ஒரு கடினமான பரீட்சைக்கூடம். அதன் வினாக்களுள் மூன்றை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, வெற்றிடம். பிசினும் பசையும் தம்முள் அடங்கிய ஆவிகளை வெற்றிடத்தில் மெல்லக் கக்கும். அவ்வாவி அருகிலுள்ள குளிர்ந்த கண்ணாடியிற் படியுமாயின் தொலைநோக்கியின் கண் மங்கும். இதுபற்றியே வழக்கிலுள்ள சோதனை ஒன்றில், பொருளை வெற்றிடத்தில் 125 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் 24 மணி நேரம் வைப்பர். அது இழக்கும் எடை நூற்றுக்கு ஒன்றையும், குளிர்தகட்டிற் படிவது ஆயிரத்துக்கு ஒன்றையும் கடத்தலாகாது.

இரண்டாவது, வெப்பமும் குளிரும். தாழ்ந்த பாதையிலுள்ள கலம் ஏறத்தாழ 90 நிமிடத்திற்கொருமுறை பூமியைச் சுற்றுமாதலின், ஒரு நாளில் சுமார் பதினாறு முறை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் செல்லும். 5 மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கோலொன்று 100 பாகை வெப்ப மாறுதலில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். தொலைநோக்கியின் ஆடிகளை உரிய இடத்தினின்றும் மயிரிழையும் அசையாது நிறுத்தவேண்டிய சட்டத்திற்கு இஃது எங்ஙனம் பொருந்தும்? கார்பன் இழையோ சூடேறும்போது தன் நெடுக்கில் மிகச் சிறிது குறுகும் இயல்பினது, பிசினோ விரியும். இவ்விரண்டையும் அளவறிந்து சேர்த்தால் ஒன்றின் மாறுதலை மற்றொன்று ஈடு செய்யும். 1990 இல் விண்ணுக்குச் சென்ற ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடிகளைத் தாங்கும் சட்டம் இத்தகைய கார்பன் இழைப் பொருளாலாயது.

மூன்றாவது, உயிர்க்காற்றின் தனியணுக்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் கதிரவனொளி உயிர்க்காற்றின் மூலக்கூறுகளைப் பிளந்து தனியணுக்களாக்குகிறது. கலம் தன் வேகத்தோடு அவற்றின்மேல் மோதுங்கால் பிசினும் பிளாஸ்டிக் தோலும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன. இதனைக் கண்டறிவதற்காக 1984 ஏப்ரலில், எல்டெஃப் என்னும் பெயரால், ஒரு பேருந்தினை ஒத்த பெரிய கூடு விண்ணில் விடப்பட்டது. அதன் முகமெங்கும் பொருள்களின் மாதிரிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஓராண்டளவில் மீட்கக் கருதியிருந்த அக்கூடு, 1986 இல் சேலஞ்சர் கலம் அழிந்தமை முதலிய காரணங்களால் 1990 ஜனவரி வரையில் அங்கேயே நின்றது. தாமதமே ஊதியமாயிற்று! ஐயாண்டுக்கு மேற்பட்ட அரிப்பின் வரலாறு முழுவதும் அம்மாதிரிகளில் எழுதப்பட்டிருந்தது. முன்முகத்திலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்களிற் சில முற்றும் தேய்ந்தொழிந்தன. அதனுள் வைக்கப்பட்டிருந்த ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் தக்காளி விதைகள், பள்ளி மாணவர் தாமே விதைத்துச் சோதிக்கும்படி வழங்கப்பட்டன என்பதையும் நம் மாணவர் அறிந்தால் மகிழ்வர்.

5. மடிப்பின் கலை

இதுகாறும் பொருளைக் கூறினோம். இனிக் கட்டமைப்பைக் கூறுவோம். ராக்கெட்டின் முனைக்கூடு குறுகியது. விண்ணில் வேண்டப்படும் உறுப்போ பெரியது. ஆகவே, பெரியதைச் சிறிதாக மடித்து அனுப்பி, அங்கே எவர் கையும் தீண்டாமல் தானே விரியச் செய்தல் வேண்டும்.

ஜப்பானிய நாட்டுக் கோரியோ மியூரா என்னும் பொறியியலறிஞர், மெல்லிய உருளைகள் மேலிருந்து அழுத்தப்படும்போது எவ்வாறு நசுங்குகின்றன என்பதை ஆராய்ந்தவர். நசுங்குதல் கட்டமைப்புக்கு அழிவு. ஆயினும் நசுங்கிய தகட்டின்மேல் ஒழுங்கான மடிப்புக் கோலமொன்று தோன்றுவதை அவர் கண்டார். அக்கோலத்தைப் பற்றிச் சென்ற சிந்தனையே, இன்று அவர் பெயரால் வழங்கும் மடிப்புக்கு வழி வகுத்தது. 1995 இல் ஜப்பான் ஏவிய விண்கலமொன்றில் இம்முறையில் மடித்த தகட்டமைப்பு விரித்துச் சோதிக்கப்பட்டது.

மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு தாளை முதலில் நெடுக்கே ஐந்து சம பாகங்களாக விசிறிபோல் மடிக்க. அப்பட்டையைக் குறுக்கே மடிக்குங்கால், மடிப்பை நேர்செங்குத்தாக விடாமற் சிறிது சாய்த்து, மாறி மாறி முன்னும் பின்னுமாக மடிக்க. பின்பு முழுவதும் விரித்து, குறுக்கு மடிப்புகள் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாகவும், அடுத்தடுத்த கோடுகள் மேடும் பள்ளமுமாகவும் அமையுமாறு திருத்தி மறுபடி ஒடுக்குக. எதிரெதிர் மூலைகளிரண்டைப் பற்றி இழுத்தால் தாள் முழுவதும் ஒருங்கே விரியும். தள்ளினால் ஒருங்கே ஒடுங்கும். பல கீல்களும் பல விசைகளும் வேண்டாது ஓரிழுப்பினால் விரிவதே இதன் சிறப்பு. விசைகள் குறையுந்தோறும் பழுதுக்கு இடமும் குறையும்.

இக்கலையின் பேருருவை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிற் காணலாம். அதன் ஆடி 6.5 மீட்டர் குறுக்களவுள்ளது. அதனைக் கொண்டு சென்ற ராக்கெட்டின் முனைக்கூடு ஏறத்தாழ 5.4 மீட்டரே. ஆதலால், பெரிலியம் என்னும் மிக விறைப்பான மெல்லெடை உலோகத்தாலாகிய 18 அறுகோணத் துண்டங்களாக ஆடி அமைக்கப்பட்டு, இருபுறத்துத் துண்டங்கள் மடிக்கப்பட்டன. வெயிலை மறைக்க ஐந்தடுக்குத் திரை. அது முழுதும் விரிந்தால் ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ளது. ஒவ்வோர் அடுக்கும் மயிரிழையை ஒத்த மென்மையது. அதனைப் பூட்டி வைத்த 107 பூட்டுகளுள் ஒன்று திறவாதொழியினும் முயற்சி முழுவதும் பாழாகக்கூடும்.

இத்திரையைப் பூமியிலேயே மடித்தும் விரித்தும் பழகியபோது ஏழிடங்களிற் கிழிசல் கண்டதாக 2018 இல் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டே அதிர்ச்சிச் சோதனையின்பின் சில திருகாணிகள் கழன்று கிடந்தன. காலம் நீடித்தது; பொருட்செலவு பெருகியது; பழிச்சொற்களும் எழுந்தன. ஆயினும் கிழிசல் கண்டது பூமியில். ஊசியும் கையும் எட்டும் இடத்தில். 2021 டிசம்பர் 25 ஆம் நாள் ஏவப்பட்ட அக்கலத்தின் திரை, 2022 ஜனவரி 4 ஆம் நாள் ஐந்தடுக்கும் இறுகி விரிந்து நின்றது. நாணத்தோடு ஒப்புக்கொள்ளப்பட்ட கிழிசல்களே அந்நாளின் வெற்றிக்குக் காவலாயின என்பது எம் துணிபு.

6. பழகிப்போன பழுது

இனி நாம் கூறப்புகுவது துயரமான பகுதி. எல்டெஃப் கூட்டினை 1990 இல் பத்திரமாக மீட்டுவந்த கலத்தின் பெயர் கொலம்பியா. அக்கலமே 2003 ஜனவரி 16 ஆம் நாள் ஏழு பேரைத் தாங்கி மறுபடியும் விண்ணேறியது. அவர்களுள் ஒருவர் அரியானாவின் கர்னால் நகரிற் பிறந்து, சண்டிகரில் விமானப் பொறியியல் கற்ற கல்பனா சாவ்லா.

கொலம்பியாவின் சிறகு முகப்பு, மீளுங்கால் 1,600 பாகை செண்டிகிரேடு வரையில் எழும் வெப்பத்தைத் தாங்கவேண்டியது. அதற்கென அமைந்த பொருள் கார்பன்-கார்பன் எனப்படும். கார்பன் இழையைப் பிசினுக்குப் பதிலாகக் கார்பனிலேயே பதித்து, காற்றில் எரியாதவாறு சிலிக்கன் கார்பைடு பூசியது அது. வெப்பத்திற்கு அதனினும் சிறந்த காப்பு அரிது. ஆயினும் உலோகத்தைப் போல் வளைந்து கொடுத்து அடியைத் தாங்கும் குணம் அதற்கில்லை.

புறப்பட்டு 82 விநாடிகள் கழிவதற்குள் வெளித்தொட்டியின் மேலிருந்த நுரைக்காப்பின் துண்டு ஒன்று பெயர்ந்து இடச்சிறகின் முகப்பிற் பட்டது. அதன் எடை முக்கால் கிலோகிராம் அளவே. நுரைக்காப்பு பெயர்வது அன்று புதிதன்று; முன்னைய பயணங்களிலும் பன்முறை பெயர்ந்ததுண்டு. கலங்கள் அப்போதெல்லாம் நலமே மீண்டமையால், அது பழுதுபார்க்கும் செலவாகக் கருதப்பட்டதேயன்றி ஆபத்தாகக் கருதப்படவில்லை. பொறியியலார் சிலர் ஐயுற்று, விண்ணிலுள்ள கலத்தைப் படம்பிடித்துக் காண வேண்டினர். அவ்வேண்டுகோள் நிறைவேறிற்றில்லை. பிப்ரவரி 1 ஆம் நாள் மீளும்போது, முகப்பின் துளைவழியே எரிவளி உட்புகுந்து சிறகை உருக்கக் கலம் சிதறிற்று. எழுவரும் மாண்டனர்.

நுரை எத்துணை மென்மையானது! அது எங்ஙனம் சிறகைத் துளைக்கும் என்று அறிஞரும் வினவினர். விடையைச் சோதனை கூறிற்று. 2003 ஜூலை 7 ஆம் நாள், அத்தகைய நுரைத்துண்டு ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 237 மீட்டர் வேகத்தில் உண்மையான சிறகு முகப்பின்மேல் எறியப்பட்டது. முகப்பில் ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் அகலமுள்ள துளை விழுந்தது. நம் மாணவர் இதனைத் தாமே கணக்கிடலாம். 0.76 கிலோகிராமில் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கின் 21,000 ஜூலுக்கு மேல் வரும். 70 கிலோகிராம் மூட்டை 30 மீட்டர் உயரத்தினின்று விழுந்தாற்போன்ற அடி அது. பள்ளி வகுப்பில் நாம் கற்கும் வாய்பாடு ஒன்றே போதியதாயிருந்தது. ஆனால் அதனைப் பயன்படுத்தி வினவுவதற்கு வேண்டிய ஐயம் போதியதாயிருந்திலது.

பேக்கன் வேண்டாத படிவை நோக்கினார், கரியிழை பிறந்தது. மியூரா நசுங்கலை நோக்கினார், மடிப்பு பிறந்தது. வெப் கலத்தார் கிழிசலை ஒளியாது தைத்தனர், திரை விரிந்தது. நுரைத்துண்டையோ பலமுறை கண்டும் நோக்காதொழிந்தனர், எழுவர் மீளவில்லை. காண்டல் வேறு, நோக்கல் வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

7. இளையோர்க்குரிய பணி

இத்துறையிற் புதிதாகப் புகும் ஆராய்ச்சியாளர்க்குப் பெருங்கலம் ஒன்றனை அமைக்கும் பணி கிடைப்பதில்லை. விரலளவான மாதிரித்துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தும், அழுத்தியும், குளிர்வித்தும், காய்ச்சியும் முறிய வைப்பதே அவர்க்குரிய பணி. ஆயினும் அப்பணி இழிந்ததன்று. முதலில் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள், அவற்றின்மேற் சில இணைப்புகள், அவற்றின்மேல் ஓருறுப்பு, முடிவில் முழுக்கலம் ஒன்று. கோபுரத்தின் கலசம் அடிக்கற்களை நம்பி நிற்பதுபோல, முழுக்கலம் அச்சிறு துண்டுகளின் முறிவுக் கணக்கை நம்பி நிற்கிறது. அடித்தளத்திலுள்ள இளைஞன் ஒத்துவராத ஓரெண்ணைக் குறிப்பேட்டினின்று அழித்துவிடுவானாயின், மேலுள்ளோர் எவரும் அதனை அறியார்.

இப்பணி தொலைதூர நாடுகளில் மட்டும் நடப்பதன்று. 2024 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில், நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி நிறுவனத்தார் ஒரு சோதனை நடத்தினர். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் படியிலுள்ள எஞ்சின் ஊதுகுழலை, பழைய கொலம்பிய உலோகக் கலவைக்குப் பதிலாகக் கார்பன்-கார்பனிற் செய்து எரித்துப் பார்த்தனர். திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் நிலையத்தார் ஆக்கிய அக்குழல், முதலில் 60 விநாடியும் பின்னர் 200 விநாடியும் தீயைத் தாங்கி நின்றது. அதனால் குழலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைகிறது. ராக்கெட் 15 கிலோகிராம் வரையில் அதிகம் சுமக்க இயலும். முன்னர்க் கணக்கிட்ட பிரக்யானின் 26 கிலோகிராமை நினைவு கூர்க; 15 கிலோகிராமின் அருமை விளங்கும். கொலம்பியாவின் சிறகில் துளைபட்ட அப்பொருளின் இனமே இங்கே எஞ்சினுக்குத் துணையாகிறது. பொருளிற் குற்றமில்லை, அதன் குணங்குற்றங்களை அறிந்து வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதே அறிவு.

அன்பார்ந்த மாணவர்காள்! உங்கள் ஆய்வுக்கூடத்திற் கம்பியை நீட்டியளக்கும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். ஆறு புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைய, ஏழாவது புள்ளி விலகி நிற்பின், அதனை மெல்லத் தள்ளிக் கோட்டின்மேல் ஏற்றிவிட மனம் தூண்டும். யாமும் மாணவராயிருந்த காலத்தில் அங்ஙனம் செய்ததுண்டு; நேர்கோட்டுக்கு மதிப்பெண் பெற்றதும் உண்டு. கம்பியின் நுனி பிடிப்பினின்று நழுவிக்கொண்டிருந்தது என்பது பின்னர்த்தான் தெரிந்தது. அந்த ஏழாவது புள்ளி எமக்கு அதனையே கூறியிருந்தது. அச்சிறு சோதனையில் எவருயிரும் தொங்கவில்லை. ஆயின், அதே பழக்கத்தோடு பெரிய ஆய்வுக்கூடத்திற் புகுவோனது கோட்டின் நுனியில் எவருயிர் தொங்குமோ, யார் அறிவார்?

ஆதலின், விலகி நிற்கும் புள்ளியை விலகியவாறே எழுதுக. முறிந்த துண்டை எறியாது, முறிந்த வாயை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்குக. ஐயம் எழுமாயின் மூத்தோர்முன் பணிவோடும் அச்சமின்றியும் உரைக்க. மூத்தோரும் அதனைப் பொறுமையோடு கேட்க. மெலிதும் வலிதுமான பொருள்களை உலையிற் காய்ச்சி ஆக்கலாம். அவற்றை நம்பி உயிரை ஒப்படைக்கும் உரிமையோ, பழுதறியும் கண்ணும் அதனை மறைக்காத நாவும் உடையாரிடத்தே பிறக்கின்றது.